தறிமாடத்து மாத்திரைகள்

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் இருக்கும் கண்ணமங்கலத்தில், குழித்தறியில் பட்டு நெய்தவர் என் தந்தை. காலையில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கினால் மதியச் சோற்றுக்கு மூன்று மணியாகிவிடும், அதுவரை தேநீர்தான். உண்ட கையோடு மறுபடி தறி. படைமரம் வயிற்றில் முட்டக் குனிந்து நெய்கையில் நெஞ்சுக்குள் நெருப்பு ஏறுவதாகச் சொல்வார். சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். ஏப்பம் வந்ததும் நாடா மீண்டும் ஓடத் தொடங்கும்.

உணவுக்குழலும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு தசைவளையம் உண்டு. நிறைந்த வயிற்றோடு குனிந்தாலோ உடனே படுத்தாலோ, தளர்ந்த வளையத்தைத் தாண்டி அமிலம் மேலேறும். உண்டபின் மூன்று மணி நேரமாவது கழித்துப் படுப்பதும், தலைமாட்டை உயர்த்துவதும், இடப்புறம் ஒருக்களிப்பதும் உதவும். இவையெல்லாம் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எங்கள் வீட்டில் குற்றவாளி மிளகாய்தான். அம்மா மிளகாயை நிறுத்தினார், புளியைக் குறைத்தார். அப்பா பல ஆண்டுகள் அந்த வெளிறிய குழம்பை வாய் பேசாமல் உண்டார். எப்போதாவது அடுத்த வீட்டில் ஊறுகாய் தொட்டுக்கொண்டது தெரிந்தால் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கடிந்துகொள்வோம்.

2003இல் ஒரு விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். இரண்டு நாளாக மலம் தார்போலக் கறுத்துப் போனதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கறுப்பு என்பது செரித்த இரத்தம். வேலூரில் குழாய் விட்டுப் பார்த்தபோது முன்சிறுகுடலில் புண். எரிச்சல் வேறு, புண் வேறு. அவருக்கு இரண்டுமே இருந்தன. "வலி மாத்திரை சாப்பிடுவாரா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேட்டி எடுக்க அன்று மாலை வீடு திரும்பியபோது, தறியோரத்து மாடத்தில் நூற்கண்டுகளுக்குப் பின்னே காலியான மாத்திரை அட்டைகள் கற்றையாக இருந்தன. முதுகுவலிக்கு. சேலையைக் குறித்த நாளில் அறுத்துக் கொடுத்தாக வேண்டுமே. அந்த மாத்திரைகள் வலியை அடக்கும்போதே இரைப்பையையும் குடலையும் அமிலத்திடமிருந்து காக்கும் பூச்சையும் மெலியச் செய்கின்றன.

சதைத்துணுக்கைச் சோதித்ததில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் பதினான்கு நாட்கள். பின்னதை உணவுக்கு அரைமணி முன்பே விழுங்கவேண்டும் என்பதை அவர் மனத்தில் பதியவைக்கத்தான் பெரும்பாடு.

2005 அக்டோபரில் அதே கிருமிக்காக ராபின் வாரனுக்கும் பாரி மார்ஷலுக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் விட்டுவைக்கப்பட்ட தட்டில்தான் கிருமி வளர்ந்து காட்டியது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். அதுவரை உலக மருத்துவமே உணவையும் மனக்கவலையையும்தான் பெரிதும் பழித்துக்கொண்டிருந்தது, அம்மாவைமட்டும் குறைசொல்வானேன்.

செய்தித்தாளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கிருமியையா குடிச்சான்?" என்று இருமுறை கேட்டார். அன்று இரவு அம்மா காரக்குழம்பு வைத்தார். அப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.