பச்சை விழுந்தால் கையெழுத்து

ஏஐ படித்த எக்ஸ்ரேக்களின் கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை. ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரேடியாலஜிஸ்டாக இருக்கிறேன். உயிர் விஷயத்தில் ஏஐயை நம்பலாமா என்று யாராவது கேட்டால், "எப்படியும் கடைசியில் ஒரு டாக்டர் பார்த்துத்தானே அனுப்புகிறார்" என்று பதில் வரும். அந்த டாக்டர் நான்தான். பார்க்காமலே அனுப்பியிருக்கிறேன்.

அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு நெஞ்சுப் படத்துக்கும் ஒரு மதிப்பெண் போடும். ஒரு கோட்டைத் தாண்டினால் மஞ்சள், தாண்டாவிட்டால் பச்சை. வந்த புதிதில் மஞ்சளாகக் கொட்டியது. போய்ப் பார்த்தால் என்றோ ஆறிய தழும்பாக இருக்கும், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் எடுத்த படமாக இருக்கும், தோளில் கிடந்த பின்னலின் நிழலாகக்கூட இருக்கும். அலுத்துப்போய், கோட்டைக் கொஞ்சம் ஏற்றிவைக்கும்படி கம்பெனிக்காரரிடம் சொன்னேன். ஏற்றினார்கள். மஞ்சள் குறைந்தது, நானும் பொழுதோடு வீட்டுக்குப் போனேன்.

காசநோய் சோதனையில் பதினைந்து வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மனிதருக்குப் பதில் இப்படிப்பட்ட மென்பொருளே படம் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இதைச் சொல்லியே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த விஷயம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஜி.பி. ரோட்டில் கார் சீட் கவர் தைக்கிற ஒருவர், விடாத இருமலோடு வந்தார். பச்சை. வழக்கமான வரிகளை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். வாசலில் மறித்து, "நல்லாப் பாத்தீங்களா சார்?" என்றார். "கம்ப்யூட்டரே பாத்துடுச்சு தம்பி, ஒண்ணுமில்ல."

சில மாதம் கழித்து, இருமினால் ரத்தம் வருகிறது என்று திரும்பி வந்தார். சளியில் காசநோய். பழைய படத்தைத் திறந்தேன். வலது காறையெலும்புக்குப் பின்னால், நுரையீரலின் உச்சியில், பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல ஒரு வெண்மை. உச்சியைப் பார், இதயத்துக்குப் பின்னால் பார், உதரவிதானத்துக்குக் கீழே பார் என்று மாணவர்களுக்கு ஓயாமல் சொன்னவன் நான். மதிப்பெண்ணையும் பார்த்தேன். பழைய கோடாக இருந்திருந்தால் மஞ்சள் விழுந்திருக்கும். அந்த மாதங்கள் முழுக்க அவர் ஜன்னல் இல்லாத பட்டறையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து தைத்திருக்கிறார்.

பிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். கூட்டாளிகளைத் தேடினேன் என்பதே உண்மை. 2023இல் வந்த ஒரு ஆய்வில், ஏஐ சொன்னது என்று சொல்லி 27 ரேடியாலஜிஸ்ட்டுகளுக்கு மார்பகப் படங்களில் வேண்டுமென்றே சில தவறான பதில்களையும் கலந்து காட்டினார்கள். ஏஐ சரியாகச் சொன்னபோது 82 சதவீதம் சரியாகப் படித்த மிக அனுபவசாலிகள், அது தப்பாகச் சொன்னபோது ஏறக்குறைய 46க்கு இறங்கினார்கள். புதியவர்கள் 80இலிருந்து 20க்கு. போலந்தில் ஏஐயோடு பழகிய குடல்நோய் மருத்துவர்கள், அது இல்லாமல் செய்த கொலோனோஸ்கோபியில் கட்டிகளைக் கண்டுபிடிப்பது 28.4இலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்ததாக 2025இல் வெளிவந்தது. படித்ததும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. அதுவும் வெட்கக்கேடுதான்.

ராயப்பேட்டைக்கு அடியில் தோண்டும் மெட்ரோவில் ஓட்டுநர் இல்லாத ரயில் வரப்போகிறது. எதிர்வீட்டுப் பெரியவர் அதற்குப் பயப்படுகிறார், எனக்கு அத்தனை பயமில்லை. ரயில் சிக்னலில் கோளாறு வந்தால் சிவப்பு விழுந்து வண்டி நிற்க வேண்டும் என்றுதான் கட்டுகிறார்கள். எங்கள் சென்டரில் சந்தேகம் வந்தால் பச்சை விழும்படி நாங்கள் கட்டினோம்.

நான் என் ரிப்போர்ட்டை எழுதி முடிக்கும்வரை நிறத்தை மறைத்துவைக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்டேன். ஒரு நாளைக்குப் பார்க்கிற படம் குறையும் என்றார். கோட்டை இறக்க மட்டும் ஒத்துக்கொண்டார். கூட்டம் முண்டும் நாட்களில் என் கண் இப்போதும் முதலில் நிறத்துக்குத்தான் போகிறது.

சீட் கவர் தைக்கிறவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுத் தேறிவிட்டார். அடுத்த படத்துக்கு வந்தபோது, "அன்னைக்கு கம்ப்யூட்டர் ஏமாத்திடுச்சு, இல்ல சார்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.