வீடு வந்து சேர 64 ஆண்டுகள்

பீட்டர் டோமிச் 1893-இல் புரோலோக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்த ஊர், இன்று போஸ்னியா-ஹெர்செகோவினாவில் இருக்கிறது. பிழைப்புத் தேடி 1913-இல் அமெரிக்கா போனார். முதல் உலகப் போரின்போது அந்நாட்டுத் தரைப்படையிலும், 1919 முதல் கடற்படையிலும் சேவை செய்தார்.

1941 டிசம்பர் 7, பேர்ள் துறைமுகம். டோமிச் பணியாற்றிய யூட்டா பழைய போர்க்கப்பல். குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இலக்காக மாற்றப்பட்டிருந்தது. அதையும் ஜப்பானிய டார்பிடோக்கள் விடவில்லை. கப்பல் சாயச் சாய, அடித்தளத்தில் கொதிகலன்களுக்குப் பொறுப்பாளரான டோமிச் தன் ஆட்களை மேலே ஓடச் சொன்னார். தான் மட்டும் நின்றார். கொதித்துக் கொண்டிருக்கும் கொதிகலன்களைப் பாதுகாப்பாக அணைக்காவிட்டால் வெடிக்கும் ஆபத்து உண்டு. அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடவில்லை. சில நிமிடங்களில் கப்பல் குப்புறக் கவிழ்ந்தது. மாண்ட 58 பேரில் அவரும் ஒருவர்.

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் 1942-இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. வாங்க ஆளில்லை! உறவினரைத் தேடியும் பயனில்லை. ஒரு போர்க்கப்பலுக்கே டோமிச் என்று பெயர் வைத்தார்கள். பதக்கம் மட்டும் உரியவரின்றிக் கிடந்தது. புலம்பெயர்ந்து தனியே வாழ்ந்தவரின் மரணத்தில் இதுதான் மிகவும் வலிக்கும் பகுதி.

கடைசியில் உறவினர் கண்டறியப்பட்டனர். 2006 மே மாதம், குரோஷியாவின் ஸ்பிளிட் நகருக்கு வந்த எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலில், அவர் குடும்பத்தாரிடம் பதக்கம் ஒப்படைக்கப்பட்டது.