ஒரு சொல்லின் பாரம்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைச் சாலையில் குலசேகரன்பட்டினத்தைக் கடந்தால், பனைகளுக்கு அப்பால் ஒரு மணல்மேடு கடலுக்குள் நீண்டு கிடப்பது தெரியும். அதன் உச்சியில் வெண்ணிறமாய் நிற்பது மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம். செப்டம்பர் 14-ஆம் நாள் திருவிழாவிற்கு நம் வாசகர்களில் பலர் அங்கு சென்றிருப்பர். நாங்கள் இருவர் சென்றதோ திருவிழாவிற்கு அன்று, மொழிபெயர்ப்பதற்கு.

அயல்நாட்டுப் பங்கு ஒன்றைச் சேர்ந்த எண்மர், பத்து நாள் பணிக்காக அப்பகுதிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிற்கு வந்திருந்தனர். சிறுவரோடு விளையாடுவது, இல்லங்களைச் சந்திப்பது, உடனிருந்து செபிப்பது; இவையே அவர்கள் பணி. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஊராருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவே நாங்கள். ஆங்கிலம் கற்றவர்கள் என்ற பெருமிதம் எங்களிடம் சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஏழாம் நாள் மாலை ஒரு மூதாட்டியின் இல்லத்திற்குச் சென்றோம். திண்ணையில் வலை குவிந்திருந்தது. வள்ளத்தில் மீன்பிடிக்கச் சென்ற தம் மகனைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். அன்றைய காற்று, அவன் உண்டுவிட்டுப் போன கஞ்சி, கரையில் ஊரே காத்திருந்த இரவு, எல்லாம் சொன்னார். வந்தவர்களின் முகங்களில் ஆவலைக் கண்ட நாங்கள், பொழுது சாய்வதையும் எண்ணி, அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினோம்: இவருடைய மகன் கடலில் இறந்துவிட்டான்.

உடனே எண்மரும் தலைகுனிந்தனர். குழுத்தலைவர் அவனது ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கத் தொடங்கினார். அப்பொழுது கதவோரம் நின்ற பேத்தி, பத்தாம் வகுப்பு மாணவி, எங்களிடம் மெல்லச் சொன்னாள்: “சார், ஆச்சி செத்துப்போனான்னு சொல்லலியே. திரும்பி வரலேன்னுதானே சொன்னாங்க.”

எங்களுக்கு வியர்த்தது. உடல் கிடைக்கவில்லை. அந்தத் தாய் இத்தனை ஆண்டுகளாக வாயால் சொல்ல மறுத்த ஒரு சொல்லை, அவர் பெயராலேயே நாங்கள் சொல்லிவிட்டோம். வாய்மூடி இருந்திருக்கலாம், செபம் முடிந்திருக்கும், மூன்று நாளில் அவர்களும் ஊர் திரும்பியிருப்பர். ஆனால் அந்தச் சிறுமி எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செபத்தை இடைமறித்துப் பிழையை ஒப்புக்கொண்டோம். தாயிடமும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. என்ன வேண்டிச் செபிக்கட்டும் என்று தலைவர் கேட்கச் சொன்னார்.

“அவன் எங்க இருந்தாலும் ஆண்டவர் அவன்கூட இருக்கணும். அதைக் கேளுங்க, தம்பி.”

கூட்டாமல் குறைக்காமல் அதை அப்படியே சொன்னோம். அப்படியே செபித்தார்கள்.

அன்றிரவு மணப்பாட்டில் கடலோரக் குகைக்குச் சென்று அமர்ந்தோம். புனித சவேரியார் தங்கிச் செபித்ததாக மரபு போற்றும் குகை அது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அப்புனிதர், இருமொழி அறிந்தோரைத் தூத்துக்குடியில் கூட்டி, செபங்களைத் தமிழாக்கச் செய்து, மனப்பாடமாக்கி, மணியடித்துச் சிறுவரை அழைத்துக் கற்பித்தார். அந்த மொழிபெயர்ப்பிலும் பிழை நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்துவிட்டது. 1544-இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், அது ‘விரும்புகிறேன்’ எனப் பொருள்படுமாதலால் நீக்கி, ‘விசுவசிக்கிறேன்’ எனும் பொருள்தரும் சொல்லை இடுமாறு அவர் பணித்தார். பின்வந்த அண்டிரிக் அடிகளாரோ தமிழைத் தாமே முயன்று கற்றார். அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது.

பிழை செய்ததல்ல, பிழையென அறிந்தபின் திருத்தியதே அப்புனிதரின் பெருமை என்று அன்று உணர்ந்தோம். இத்தகைய பணிக்குச் செல்லவிருக்கும் இளைஞருக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே: விளங்காததை மீண்டும் கேளுங்கள், நீண்டதைச் சுருக்காதீர்கள், பேசுவோர் சொல்லாததைச் சொல்லாதீர்கள். பிறருடைய துயரம் உங்கள் நாவில் சிறிது நேரம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதை முழுமையாய்ச் சேர்ப்பித்துவிடுங்கள்.

புறப்படும் நாளில் அம்மூதாட்டி எங்களுக்கு ஓலைக்கொட்டானில் கருப்பட்டி தந்தார். நாங்கள் வாங்கத் தயங்கினோம். அவர் கையில் திணித்துவிட்டுச் சென்றார்.