அரசனுக்குக் கொண்டுவந்த வெள்ளை மான்

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா என்று முடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறிவிடுவார்கள். ஹங்குராங்கெத்தைக்குப் போக அவர்களுக்குக் காரணமில்லை. என்னை அங்கே இழுத்தது 1681இல் லண்டனில் அச்சான ஒரு புத்தகத்தில் போகிறபோக்கில் வரும் ஒரு செய்தி. தான் கண்டி இராச்சியத்தில் இருந்த காலத்தில் ஒரு கறுப்புப் புலியைப் பிடித்து அரசனிடம் கொண்டுவந்தார்கள், பிறகு பால்வெள்ளையாக ஒரு மானையும் கொண்டுவந்தார்கள் என்று எழுதுகிறார் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி. அரசன் இரண்டையும் பெரிதாக மதித்தானாம். அதற்கு முன்போ பின்போ அந்த நாட்டில் அப்படியொன்றை யாரும் கேள்விப்பட்டதில்லையாம். இதைச் சொல்லிவிட்டு மனிதர் வேறு கதைக்குப் போய்விடுகிறார்.

நொக்ஸ் எனக்கு ஒருவகையில் ஊர்க்காரர். நான் திருகோணமலை, குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர். 1660இல் பாய்மரம் திருத்த ஒதுங்கிய கப்பலிலிருந்து நொக்ஸும் அவர் தகப்பனாரும் பிடிபட்டது அங்கேதான். அப்போது அவருக்கு 19 வயது. இன்னும் 19 வருடம் கண்டிச் சீமையில் கழிந்தது. கம்பிக்குள் அடைத்துவைக்கவில்லை, ஊரைவிட்டுப் போகத்தான் விடவில்லை. தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், எலதெத்தவில் காணி வாங்கினார். 1679இல் காடு வழியே வடக்கே நடந்து, அரிப்பில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். கண்ணில் பட்டதை எல்லாம் மனதில் குறித்துவைத்தவர். சருகுமானைக்கூட விடவில்லை: முயலளவு, சாம்பல் நிறம், வெள்ளைப் புள்ளி, இறைச்சி நல்லது. வெள்ளை மானின் இறைச்சியைப் பற்றிப் பேச்சில்லை. அரசனுடைய மான் அல்லவா.

அரசன் இரண்டாம் இராஜசிங்கன். 1664இல் தனக்கெதிராக எழுந்த கலகத்துக்குப் பிறகு நிலம்பே அரண்மனையை விட்டு ஹங்குராங்கெத்தைப் பக்கம் போனவன். கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாகப் பாதை வளைந்து வளைந்து ஏறி இறங்குகிறது. அரண்மனை இன்றில்லை. அதன் எச்சங்களைக் கொண்டு எழுப்பிய போத்குல் விகாரையும், அங்கே பேணப்படும் ஏட்டுச்சுவடிகளும் இருக்கின்றன. மான் கட்டிய இடம் என்று காட்ட ஒன்றும் கிடையாது. அதை எதிர்பார்த்தும் நான் போகவில்லை.

ஓட்டோக்காரர் தோட்டப்பகுதிப் பிள்ளை. அரசனின் கறுப்புப் புலியைப் பற்றிச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“நல்லதண்ணிப் பக்கம் ஒண்ணு கம்பியில மாட்டுச்சே சார், கொரோனா நேரம். அதுவும் கறுப்புதான்.”

“அது சிறுத்தை, தம்பி.”

“நாங்க புலின்னுதான் சொல்லுவோம் சார்.”

நொக்ஸும் அப்படித்தான் சொன்னார். அவர் காலத்து இலங்கைக் காட்டில் சிறுத்தையை விட்டால் வேறு பெரிய பூனை கிடையாது. ஓட்டோக்காரர் சொன்னது 2020 மே மாதத்தில் நடந்தது. லக்ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் இறந்துவிட்டது. முன்பும் பின்பும் இல்லை என்று நொக்ஸ் எழுதியது அந்தக் கறுப்பைப் பொறுத்தவரை பொய்த்துவிட்டது. அந்த நிறம் மலைக்காட்டில் இன்னமும் இருக்கிறது.

கறுப்பும் வெள்ளையும் எதிரெதிர் அதிசயங்களாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. மயிருக்கு நிறம் தருவது மெலனின். அதில் ஒருவகை கறுப்பு-பழுப்பு, மற்றது செம்மஞ்சள். மயிர் வேரிலுள்ள நிறக்கலத்தின் மேல் எம்சி1ஆர் என்ற ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. அது வேலைசெய்தால் கறுப்பு வரும். அகூட்டி என்ற புரதம் வந்து அதை அடக்கினால் செம்மஞ்சள் வரும். சிறுத்தையில் அகூட்டி மரபணு பழுதானால் அடக்க ஆளில்லை. உடம்பு முழுக்கக் கறுத்துவிடும். 2012இல் இதைக் கண்டுபிடித்தார்கள். 2020இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுக் கறுப்பு ரோ மான்களைச் சோதித்தபோது அதே அகூட்டி மரபணுவில்தான் மாற்றம் இருந்தது. அதே வருடம் ஐரோப்பாவின் ஃபாலோ மான்களில் வெள்ளை நிறத்துக்கு எம்சி1ஆர் மாற்றத்தோடு தொடர்பு தெரியவந்தது.

வெள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியே கெட்டுப்போனால் அல்பினோ: மயிர் வெள்ளை, கண் இளஞ்சிவப்பு. நிறக்கலங்கள் கருவில் தோன்றும் இடத்திலிருந்து தோலுக்கு நகர்ந்து வராமல் போனாலும் வெள்ளைதான். ஆனால் கண் கறுப்பாகவே இருக்கும், ஏனென்றால் விழித்திரைக்குப் பின்னாலுள்ள நிறப்படலத்துக்குப் பிறப்பிடம் வேறு. நொக்ஸ் அந்த மானின் கண் நிறத்தை ஒரு சொல்லில் எழுதியிருந்தால் 340 வருடம் கழித்தும் இந்த இரண்டில் எது என்று பிரித்திருக்கலாம். இறைச்சி ருசியை எழுதியவருக்கு இது தோன்றவில்லை.

மறுநாள் காலை கண்டியில் உடவத்தகெலே. தலதா மாளிகைக்குப் பின்னாலிருக்கும் இந்தக் காடு அரசர்களின் மேல்தோட்டமாக இருந்தது, 1938இல் சரணாலயமானது. அட்டை கடிக்கும் என்று வாசலிலேயே எச்சரித்தார்கள், கடித்தது. குளத்துக்கு மேலே நடந்துகொண்டிருந்தபோது நாய் குரைப்பதுபோல் ஒரு சத்தம், மறுபடி ஒன்று. கேளையாடு. மூங்கில் மறைவிலிருந்து பாதைக்கு வந்து நின்றது. முதுகு செம்பழுப்பு, தாடைக்குக் கீழே வெளிர், முன்கால் கறுத்தது. என்னைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியது. வாலின் அடிப்பக்கம் சுத்த வெள்ளை. அந்தச் சிறு வெள்ளைத் துண்டு புதருக்குள் வெகுதூரம் தெரிந்துகொண்டே போனது. முழு உடம்பும் அப்படி இருந்தால் சிறுத்தைக்கு வேலை எவ்வளவு சுலபம்! வெள்ளைக் குட்டிகள் பிறக்காமல் இல்லை. நாம் பார்க்கும் வயதுவரை அவை தங்குவதில்லை.

அரிது என்று நாம் சொல்வதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இத்தகைய வெள்ளைகளில் பல பின்னிடைவானவை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என மாறிய மரபணுவின் இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு காட்டில் 10,000 மானில் ஒன்று வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். அவை நிறம் பார்க்காமல் இணை சேர்கின்றன என்றால், 100 பிரதியில் ஒன்று வெள்ளைப் பிரதி. ஆக ஒற்றைப் பிரதியைச் சுமந்துகொண்டு திரியும் சாதாரணப் பழுப்பு மான்கள் 198! அந்த ஒரு வெள்ளை மானை அரசன் பிடித்து லாயத்தில் கட்டினால் காட்டிலிருந்து போவது 200 பிரதியில் 2. மிச்சம் 198உம் யார் கண்ணுக்கும் தெரியாமல் மேய்ந்துகொண்டிருக்கும். நொக்ஸ் கேள்விப்படாதது நிறத்தைத்தான். அதைச் சுமந்த மான்களை அவர் எலதெத்த வயலோரத்தில் பார்த்தே இருப்பார்.

பிடித்துவைப்பதைவிட வேலி போடுவதற்குப் பலன் அதிகம். அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தின் செனெகா இராணுவக் கிடங்கைச் சுற்றி 1941இல் 24 மைல் வேலி அடித்தார்கள். உள்ளே அகப்பட்டுக்கொண்ட வெள்ளைவால் மான்களில் சிலதிடம் அந்தப் பிரதி இருந்திருக்கிறது. 1949 அளவில் வெள்ளை மான் தலைகாட்டியது. தளபதி ஒருவர் வெள்ளையைச் சுடக்கூடாது என்றார், பழுப்பை வேட்டையாட விட்டார். வெளியிலிருந்து புது மான் வர வழியில்லை. உறவுக்குள்ளேயே இணை சேர்ந்தன. கடைசியில் ஒரு கட்டத்தில் அங்கே வெள்ளை மான்களே ஏறக்குறைய 200 நின்றன. கண் பழுப்புதான், ஆகவே அவை அல்பினோ அல்ல. கட்டளையிட்டவர் கண்டி அரசனைப்போல வெள்ளையை மதித்தவர்தான். அவரிடம் கம்பிவேலியும் கூடவே இருந்தது.

வேலி என்றதும் எங்கள் ஊர் மான்கள் ஞாபகத்துக்கு வந்தன. திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் கடற்கரை வீதியிலும் புள்ளிமான்கள் ஆடுமாடுபோலத் திரிகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கொடுக்கும் வாழைப்பழத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். அப்போது பார்த்தால் தெரியும், புள்ளிக்குள் மயிர் சுத்த வெள்ளை, ஒரு விரற்கடை தள்ளிச் செம்பழுப்பு. நிறத்தை இடத்துக்கு இடம் நிறுத்தும் வித்தை எல்லாப் புள்ளிமானிடமும் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பட்டணம், காட்டிலிருந்து புது இரத்தம் வருவது கஷ்டம். கம்பி இல்லாத செனெகா என்றே சொல்லலாம். யாரிடமாவது அந்த ஒற்றைப் பிரதி இருந்தால், சந்திக்க வசதியான இடம் அதுதான். கண்டியிலிருந்து இரவு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது தம்பிக்குப் போன் போட்டு, இந்த வருடக் குட்டிகளில் வெளிறியது ஏதும் உண்டா என்று கேட்டேன்.

“ஏன் அண்ணை, யாருக்குப் பிடிச்சுக் குடுக்கப்போறியள்?” என்றான்.