தோற்றவன் தட்டும் பந்து

வடபழனியை ஒட்டிய அந்த ஒலிக்கூடத்தின் தரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது. ஒன்றில் சிமெண்ட், அடுத்ததில் மரப்பலகை, அப்பால் கிரானைட், மணல், சரளை. சுவரோரம் பழைய செருப்புகள், கொலுசுகள், தாழ்ப்பாள்கள். நடுவில் ஒரு கூடைப்பந்து. அன்றைய வேலை அதற்குத்தான்.

திரையில் நாயகன் பந்தைத் தட்டியபடி வருகிறான். படப்பிடிப்பில் பதிவான சத்தம் வசனத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. படம் தெலுங்குக்குப் போகும்போது தமிழ் வசனத்தை எடுத்தால் பந்தும் சேர்ந்து போய்விடும். அதனால் காலடி முதல் துணி உரசல் வரை எல்லாவற்றையும் இங்கே புதிதாக உண்டாக்குகிறார்கள். ஃபோலி என்ற இந்தத் தொழிலுக்குப் பெயர் தந்தவர், 1920களின் இறுதியில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இதைச் செய்த ஜாக் ஃபோலி.

இங்குள்ள கலைஞருக்கு ஐம்பது வயதிருக்கும். பந்தைவிட நாயகனின் தோளைத்தான் கவனிக்கிறார். தோள் இறங்கினால் அடுத்து கை இறங்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் குரல் கொடுக்கிறார்: "அண்ணே, மூணாவது தட்டு ரெண்டு ஃப்ரேம் லேட்டு." நொடிக்கு 24 ஃப்ரேம், இரண்டு என்பது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கணினியில் நகர்த்திவிடலாமே என்றேன்.

"நகர்த்தலாம் சார். ஆனா லேட்டா அடிச்சப்போ கை தயங்கியிருக்கும். அந்தத் தயக்கம் சத்தத்துல நிக்கும்."

கூடைப்பந்தின் சத்தம் இரண்டு அடுக்கு. தரையில் மோதும் 'தொம்' ஒன்று. உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து எழுப்பும் 'ணிங்' இன்னொன்று. இரண்டாவது சுமார் 950 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். காற்றைக் குறைத்தால் தொம் மாறும், துள்ளலும் தளரும். ணிங்கின் சுருதி அநேகமாக அப்படியே இருக்கும். காரணம், காற்றில் ஒலியின் வேகத்தை அழுத்தம் மாற்றுவதில்லை. தெருப் பந்து வேண்டுமானால் கொஞ்சம் காற்றை இறக்கிச் சிமெண்டில் தட்டுகிறார். உள்ளரங்கப் போட்டி என்றால் மரப்பலகை. அரங்கின் எதிரொலியை மிக்ஸிங்கில் சேர்ப்பார்கள்.

இணையத்தில் ஆயத்தப் பந்துச் சத்தங்கள் கொட்டிக்கிடக்கின்றனவே? ஒலிப்பதிவாளர் அப்படி ஒன்றையே அடுத்தடுத்து ஓடவிட்டார். தையல் மெஷின் ஓடுவது போலிருந்தது. உண்மைப் பந்து இரண்டு முறை ஒரே மாதிரி விழாது. கோணமும் விசையும் மாறும், நடுவே உள்ளங்கை படும் சத்தமும் வரும். பின்னணியில் ஆடுபவர்களுக்கு ஆயத்தச் சத்தமே போதும் என்கிறார்கள். காமிரா நெருங்கும் கைக்குத்தான் கை தேவை.

"பையன் மேட்ச் தோத்துட்டு வர்றான் தம்பி. ஜெயிச்சவன் மாதிரி தட்டிட்டேன், இன்னொன்னு போகலாம்" என்று பந்தை எடுத்தார் கலைஞர். ஒலிப்பதிவாளர் சரியென்று சொல்லியிருந்த டேக் அது.