நெய்வேலியில் காற்றுக்கு ஒரு வழி

பண்ருட்டியின் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் கடந்து வடலூர் நோக்கிச் செல்வோர்க்கு, நெய்வேலி தன் இருப்பைத் தொலைவிலிருந்தே அறிவித்துவிடுகிறது. முதலில் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தோன்றும். அடுத்துச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் குன்றுகள் தெரியும். ஆர்ச் கேட்டைத் தாண்டி நகரியத்தினுள் புகுந்தாலோ காட்சி மாறிவிடும். அகன்ற வீதிகள், இருமருங்கிலும் மரங்கள், ‘வட்டம்’ என்னும் பெயரால் பகுக்கப்பெற்ற குடியிருப்புகள் என அனைத்திலும் ஓர் ஒழுங்கு விளங்குகிறது.

1935ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே இவ்வூரின் தலையெழுத்தை மாற்றிய பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே திங்களில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வரலாற்றை நம் குடும்பங்கள் பல அறிந்திருக்கும். ஆயினும் சுரங்க விளிம்பில் நிற்போர் எளிதில் காணாத ஒன்று உண்டு. நிலக்கரிப் படிவத்தின் கீழே, பேரழுத்தத்தோடு மேல்நோக்கி உந்தும் நிலத்தடி நீர் தேங்கியிருக்கிறது. அதனை இரவு பகலாக இறைத்து வெளியேற்றாவிடில், அது சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். ஆகவே சுரங்கத்தைக் காப்பது அதன் கரைகளின் உறுதி மட்டுமன்று. ஓயாத வெளியேற்றமும் சேர்ந்தே அதனைக் காக்கிறது.

இவ்வுண்மை நாம் வாழும் வீட்டிற்கும் பொருந்தும்.

கத்திரி வெயிலில் கடலூர் மாவட்டம் எவ்வாறு காயும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழ்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய ‘தானே’ புயல் இவ்வட்டாரத்தில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தபோது, நிழலின் அருமை பலருக்கு விளங்கிற்று. வெப்பத்தைத் தடுக்க மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கிறோம், வெண்பூச்சுப் பூசுகிறோம், தளத்தின் கீழே தெர்மோகோல் பலகையால் உட்கூரை அமைக்கிறோம். இவை யாவும் நல்லனவே. ஆனால் அத்தோடு நில்லாமல், குளிர்சாதனத்தின் குளிர்ச்சி வெளியேறாதிருக்கவும், கரித்தூசியும் கொசுவும் புகாதிருக்கவும், சன்னல் இடுக்குகளையும் மேற்சுவர்த் துளைகளையும் ஒன்றுவிடாமல் அடைத்துவிடுகிறோம். வெப்பத்தைத் தடுப்பது வேறு. காற்றை அடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மறக்குமிடத்தே தீங்கு தொடங்குகிறது.

அடைத்த அறையில் நிகழ்வது என்ன? நாம் வெளிவிடும் மூச்சில் கரியமிலவாயு ஏறத்தாழ 100க்கு 4 பங்கு உள்ளது. வெளிக்காற்றிலோ 10,000க்கு 4 பங்கைச் சற்றே தாண்டும். நால்வர் படுத்துறங்கும் சிறிய அறையில் அது விரைந்து பெருகும். வீடுகளில் பொருத்தும் வழக்கமான குளிர்சாதனம் வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. காலையில் தலை கனப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மூச்சின் ஈரமும் சமையலின் ஆவியும் வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவரில் படிகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரியின் பின்னே பூஞ்சணம் பூக்கிறது. இளைப்புள்ள குழந்தைக்கு அது பகையாகும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நெய்வேலியில் முன்னாளில் பழுப்பு நிலக்கரியைக் கரியாக்கி ‘லெக்கோ’ என்னும் எரிபொருள் செய்தனர். அடுப்பிலிட்டால் புகை எழாது என்பது அதன் சிறப்பு. அதனைச் செய்த ஆலை மூடப்பட்டுவிட்டது. எனினும் அது உணர்த்தும் பாடம் பழமையடையவில்லை. புகையில்லை என்பதனால் நஞ்சில்லை என்று பொருளன்று. எக்கரியும் போதிய காற்றின்றிக் கனன்றால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு மூட்டி உறங்கியோர் விழித்தெழாத செய்திகளை நாளேடுகளில் காண்கிறோம். மூடிய குளியலறையில் எரியும் கேஸ் கீசரும் அத்தகையதே.

மேலைநாட்டினரும் இதனைப் பட்டறிந்தவர்களே. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிபொருளை மிச்சப்படுத்த அங்குக் கட்டடங்களைக் காற்றுப் புகாதவாறு இறுக்கிக் கட்டினர். விளைவு, அவற்றில் பணியாற்றியோர் பலர் தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு எனத் துன்புற்றனர். ‘நோயுற்ற கட்டடம்’ என்ற பெயரே 1980களில் வழக்கிற்கு வந்தது. இன்று அந்நாடுகளில் வெப்பக்காப்பையும் காற்றோட்டத்தையும் இணைத்தே திட்டமிடுகின்றனர்.

நம் முன்னோர் இதனை மொழியிலேயே பொதிந்து வைத்தனர். சிலப்பதிகாரம் சன்னலைக் ‘காலதர்’ என்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெயிலைத் தாங்கத் தடித்த சுவரும் ஓலைக்கூரையும் அமைத்தவர்களே, காற்று உலவ முற்றத்தையும் அமைத்தனர்.

ஆதலின், அன்பிற்குரிய குடும்பத்தினரே, கூரையைக் காப்பதற்குச் செலவிடும்போது காற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விடியற்காலையிலும் அந்திக்குப் பின்னும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவையுங்கள். கொசுவுக்கு வலை போதும், பலகை வேண்டா. அடுப்படியில் காற்றை வெளியேற்றும் விசிறி பொருத்துங்கள். அடுப்பு எரியும்போதெல்லாம் அது சுழலட்டும். குளிர்சாதன அறையையும் உறங்குமுன் சிறிது நேரம் திறந்துவையுங்கள். இரவில் சன்னலைச் சிறிதளவு திறந்துவைத்தால் மின்கட்டணம் சற்றே கூடலாம், மூச்சு தெளிவாகும். அடைத்த அறையில் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். கரியடுப்பை எக்காரணம் கொண்டும் உறங்கும் அறைக்குள் கொணராதீர்கள். வீடு பார்க்க வரும் கொத்தனாரிடம், வெயில் எப்படி வராதிருக்கும் என்று கேட்பதோடு, காற்று எவ்வழி வரும், எவ்வழி போகும் என்றும் கேளுங்கள்.