நிலைநீரில்

அல்சூரில் என் பக்கத்து வீட்டுப் பெண் பி.யூ.சி. முதலாண்டு படிக்கிறாள். வார இறுதிகளில் என்னிடம் தமிழ் எழுதப் படிக்க வருவாள். சென்ற வாரம் தமிழ் ஏட்டுக்குப் பதில் இயற்பியல் ஏட்டுடன் வந்து, வணிகவியலுக்கு மாறப்போவதாகச் சொன்னாள். ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்குதான் காரணம்.

ஆற்றின் அகலம் 60 மீட்டர். நீரோட்டம் வினாடிக்கு 0.6 மீட்டர். நிலைநீரில் படகின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். நேர் எதிர்க்கரையை அடைய எத்திசையில் செலுத்த வேண்டும்?

"ஆறுதான் ஓடுதே அண்ணா, அப்புறம் எதுக்கு ஸ்டில் வாட்டர்?" என்றாள்.

பதினோராம் வகுப்பில் நானும் இதைத்தான் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அன்றோடு இயற்பியல் எனக்கு வராது என்று முடிவுகட்டிக்கொண்டேன். மொழியியலுக்கு வந்த பின்னரே அக்கேள்வி பிழையன்று என்பது புரிந்தது.

'நிலைநீரில்' என்பதிலுள்ள ஏழாம் வேற்றுமை உருபு இங்கு வெறும் இடத்தைக் குறிக்கவில்லை. எதைச் சார்ந்து அளந்தது என்பதைக் குறிக்கிறது. 1990களில் மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ் பேசுவோரிடையே செய்த ஆய்வில், பொருள்களின் இருப்பிடத்தை நகரத்தார் பெரிதும் இடம், வலம் என்றும், சிற்றூரார் வடக்கு, தெற்கு என்றும் சுட்டினர். இரண்டும் சரியே, எதைச் சார்ந்து என்பது மட்டும் தெரிய வேண்டும். வேகத்துக்கும் அதுவே விதி.

துடுப்பு தள்ளுவது நீரை, கரையை அன்று. ஆகவே படகின் 1 மீட்டர் நீரைச் சார்ந்தது, நீரின் 0.6 மீட்டர் கரையைச் சார்ந்தது. இரண்டையும் அம்புகளாக வரைந்து, ஒன்றின் தலையில் மற்றதன் வாலை வைத்தால் கரையைச் சார்ந்த திசைவேகம் கிடைக்கும். படகின் முகத்தை எதிர்க்கரைக்கு நேராக வைத்தால் 60 வினாடியில் கடக்கலாம்; ஆனால் 36 மீட்டர் கீழே போய் இறங்குவோம். நேர் எதிரே சேர, முகத்தை ஏறத்தாழ 37 பாகை மேலோட்டப் பக்கம் திருப்ப வேண்டும். அப்போது குறுக்கே செல்ல 0.8 மீட்டர்தான் எஞ்சும். 75 வினாடி ஆகும்.

"ஒகேனக்கல்ல பரிசல்காரர் முதல்ல கரையோரமா மேல போனது இதுக்குத்தானா?" என்றாள். ஆம். முகத்தைச் சாய்க்காமல், அடித்துச் செல்லப்படும் தொலைவை அவர் முன்கூட்டியே ஏறிவிடுகிறார்.

சற்று யோசித்துவிட்டு, "ஓட்டம் படகைவிட வேகமா இருந்தா?" என்று கேட்டாள். நேர் எதிர்க்கரை கிட்டாது. எவ்வளவு கீழே இறங்குவது என்பதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கும் அம்பு வரைந்து பார்த்தாள்.

பாடப்பிரிவு மாறுவதா என்று அவள் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஆசிரிய நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இக்கணக்கைத் தரும்போது 'நிலைநீரில்' என்பதை 'நீரைச் சார்ந்து' என்று எழுதிப் பாருங்கள். யாரேனும் எழுந்து அக்கேள்வியைக் கேட்டால், வகுப்பைச் சிரிக்க விடாதீர்கள்.